தாய்லாந்து மேசையில் ஒரு பிளாஸ்க்

ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் எங்கள் தெருவின் பெரிய பயந்தாங்கொள்ளி யார் என்று போட்டி வைத்தால், சுல்தான் பீவியை எதிர்த்து யாரும் பெயர் கொடுக்க மாட்டார்கள். பல்லி, மின்சாரம், ஊரைச் சுற்றும் வட்ட ரயிலின் வாசல், இங்கிலீஷ் பேசும் டாக்டர், எல்லாவற்றுக்கும் அவருக்குப் பயம். சமோசா பொரித்து டீக்கடைகளுக்குப் போடுவதுதான் பிழைப்பு, ஆனால் எண்ணெய் தெறித்தாலும் பயம். ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்சீன் வரை போக வேண்டுமென்றால் முதல் நாளே துணைக்கு ஆள் தேடுவார். யாராவது குரலை உயர்த்திக் கேள்வி கேட்டால், கேள்வி முடிவதற்குள் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். கல்யாணத்தன்றும் அப்படித்தான் ஆட்டினாராம். புருஷன் நல்ல மனிதராக அமைந்தது அவர் அதிர்ஷ்டம். அவரும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்.

மூன்றாவது மாடி வீடு. தெருவில் எல்லா வீட்டையும் போல அங்கேயும் பால்கனியிலிருந்து ஒரு கயிறு தெருவரை தொங்கும். நுனியில் கிளிப், மேலே மணி. கீழே இருப்பவர் இழுத்தால் மேலே மணியடிக்கும். சாவியும் காய்கறியும் சமோசாப் பையும் அந்தக் கயிற்றில்தான் ஏறி இறங்கும். இழுத்துவிட்டு ஓடுவது தெருப் பிள்ளைகளின் பழைய விளையாட்டு. பீவி ஒவ்வொரு முறையும் ஏமாந்து, பாதி உடம்பை வெளியே நீட்டி யாரு, யாரு என்று வெறும் தெருவிடம் கேட்பார். பட்டாளத்துக்குக் குலுக்கலில் ஆள் எடுக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கயிற்றை யாரும் சும்மா இழுக்கவில்லை. பேசி வைத்துக்கொண்டதில்லை. கை போகவில்லை, அவ்வளவுதான்.

ஏனென்றால் பீவியின் ஒரே பிள்ளை ஆசிக்குக்கு இருபது வயது. வேறு தப்பேதும் செய்ய வேண்டியதில்லை, அது போதும்.

எல்லை தாண்ட அவனை அனுப்பலாம் என்று சிலர் சொன்னார்கள். எல்லைக்குப் போகும் மியாவடி ரோட்டில் பட்டாளம் பஸ்ஸிலிருந்து இறக்கிய பையன்களைப் பற்றி வேறு சிலர் சொன்னார்கள். பீவி இரண்டு பேச்சுக்கும் தலையாட்டினார். கடைசியில் வழி சொன்னது அவருடைய தம்பி கபீர். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பேனர் அடித்து, பாஸ்போர்ட் போட்டோ எடுப்பவர். பையன் வீட்டுப் பரணிலேயே இருக்கட்டும், ஊருக்கு மட்டும் அவன் தாய்லாந்து போய்விட்டான் என்று இருக்கட்டும் என்றார்.

"அக்கா, நீ வாயால சொல்லாத. உன் வாய் நடுங்கும். போட்டோ சொல்லட்டும்."

தாய்லாந்தில் காரில் போகிறவர்கள் வழியில் இறங்கிக் காப்பி குடிக்கும் அழகான கிராமத்துக் கடைகள் என்று இணையத்தில் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. கபீர் நான்கைப் பொறுக்கி ஆளுயரத்துக்கு பேனராக அடித்தார். ஒன்றில் நெல் வயலும் அதன் நடுவே மூங்கில் பாலமும். ஒன்றில் மேகத்துக்கு மேலே மரத் தளம். ஒன்றில் ஏரி. இன்னொன்றில், எதற்கென்று தெரியவில்லை, செம்மறி ஆடுகள். விமான நிலையம் இருக்கும் மிங்கலாடோனைத் தாண்டாத ஆசிக் ஒரே மத்தியானத்தில் சட்டை மாற்றி மாற்றி வடக்குத் தாய்லாந்து முழுவதையும் சுற்றி வந்தான். ஆட்டைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னபோது மட்டும் அவனுக்கு அழுகை வந்தது.

பேனருக்கு முன்னால் போட்ட மேசையைப் பார்த்து பீவிக்கு மனம் ஆறவில்லை.

"டேய் கபீரு, மேச மொட்டையா இருக்குடா. இத கடைன்னு யாரு நம்புவா?"

ஓடிப்போய் வீட்டிலிருந்து பூப்போட்ட பிளாஸ்க்கையும் கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணங்களையும் கொண்டுவந்து வைத்தார். ரங்கூனில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் கேட்காமலே முன்னால் இருப்பது அந்தப் பச்சைத் தேத்தண்ணி பிளாஸ்க். அது இல்லாத மேசையை அங்கிருந்த மூன்று பேரும் பார்த்ததில்லை. அதனால் ஒருவருக்கும் உறுத்தவில்லை.

நெல் வயல் படத்தை முதலில் வெளியே விட்டார்கள். மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பீவி போனை நீட்டினார். பார்த்து முடிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டதைப் பிள்ளைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மழை நாள் பகலில் மணி அடித்தது. கீழே நின்றவர் வார்டு ஆபீஸ்காரர். தெருவே ஊலே என்று கூப்பிடும், சித்தப்பா என்கிற மாதிரி. வீடு வீடாக ஆள் கணக்குப் பார்ப்பவர் அவர்தான். ஆசிக் பரணில் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் சுருண்டான். நடந்ததை அங்கிருந்து கேட்டவன் அவனே. மழைச் சத்தத்தில் கொஞ்சம் காதில் விழவில்லை என்று பிறகு சொன்னான்.

ஊலே குடையை மடக்கி உட்கார்ந்தார். பீவி தேத்தண்ணி ஊற்றினார், பாதி கிண்ணத்திலும் பாதி தட்டிலும். மாடிப்படியில் ஒரு தடவை பார்த்த மகன் படத்தை இன்னொரு முறை காட்டச் சொன்னார் ஊலே. விரலால் பெரிதாக்கி, வயலை விட்டு, பாலத்தை விட்டு, மேசைக்கு வந்தார். பிறகு எதிரே இருந்த பிளாஸ்க்கைப் பார்த்தார். அதே பூ.

"அமா," என்றார் பர்மியில். அக்கா என்று அர்த்தம். "தாய்லாந்துக்காரன் மேசையில இதை வைக்க மாட்டான். கடைக்காரர் நம்ம ஊர்க்காரர்தானே?"

பீவியின் தலை ஆமாம் என்று ஆடிவிட்டது.

ஊலேயின் முகம் மலர்ந்தது. அப்புறம் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான் ஆசிக்கை உறைய வைத்தது. குலுக்கலில் அவருடைய மகன் பெயரும் விழுந்திருக்கிறதாம். நாளை மறுநாள் அவனைக் காட்டு வழியாக எல்லை தாண்ட அனுப்புகிறாராம். அக்கரையில் தெரிந்த ஆள் யாருமில்லையே என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த பிளாஸ்க் ஞாபகம் வந்ததாம். வீட்டிலிருந்து அதையும் எடுத்துப்போய் மேசையில் வைக்கிற மனுஷன் நம் பிள்ளையை விரட்ட மாட்டான், கடை எந்த ஊரில் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்.

ஏதாவது ஒரு பேரைச் சொல்லும்மா என்று பரணில் ஆசிக் வாய்க்குள் கெஞ்சினான். சொல்லியிருந்தால் ஊலே நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவர் பிள்ளை காட்டைக் கடந்து இல்லாத ஒரு கடையைத் தேடியிருப்பான்.

பீவி பிளாஸ்க்கைத் திருகி மூடினார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் தலை பக்கவாட்டில் ஆடியது.

"புள்ளய அனுப்பாதீங்க ஊலே. அங்க கடையே இல்ல. அது கீழ கபீர் கடையில தொங்குற துணி."

"அப்போ உங்க மகன்?"

"அத மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."

ஆசிக் அசைந்திருக்க வேண்டும். ஒரு வெங்காயம் பரணிலிருந்து விழுந்து, உருண்டு, ஊலேயின் காலடியில் நின்றது. பீவி கண்ணை மூடிக்கொண்டார். ஊலே குனிந்து அதை எடுத்து மேசை மேல் வைத்தார். கிண்ணத்திலிருந்த தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"படத்துலேர்ந்து பிளாஸ்க்கை எடுத்துடுங்க, அமா. எனக்கு அப்புறம் வர்றவங்களும் டீ குடிக்கிறவங்கதான்."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் நல்லவரா, ஆள் கூட்டிவரப் போயிருக்கிறாரா என்று யாருக்குத் தெரியும்? பீவி சமோசாவில் உப்புப் போட மறந்தார். டீக்கடைக்காரர்கள் திட்டவில்லை. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டதாக நாளெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். அப்படிக் கேட்டது அவருக்கு மட்டுமல்ல, கட்டடத்துக்கே கேட்டது.

பிறகு ஒரு காலை மணி அடித்தது. எட்டிப் பார்த்தால் தெரு முனையில் ஊலேயின் குடை திரும்பிக்கொண்டிருந்தது. கயிற்று நுனியில் ஒரு பை. மேலே இழுத்தும் அதைத் தொடப் பயந்து மத்தியானம் வரை வாசலிலேயே வைத்திருந்தார். கபீர் வந்து பிரித்தார். உள்ளே ஐஸ் காப்பி குடிக்கும் நீளக் கண்ணாடி டம்ளர்கள் இரண்டு, காகிதத்தில் சுற்றி. கூடவே நீளமான உறிஞ்சு குழாய்கள்.

இரண்டு எதற்கு என்பது அன்று சாயங்காலம் தெரிந்தது. ஊலேயின் மகன் படியேறி வந்தான். கபீர் நெல் வயலைச் சுருட்டி மேலே கொண்டுவந்து, சமோசாத் தட்டுகளுக்கு மேலே உத்தரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். இரண்டு பையன்களும் மூங்கில் பாலத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். டம்ளர்களில் இருந்தது கறுப்புச் சாயம் போட்ட தண்ணீர். சிரிங்கடா என்றார் கபீர். இரண்டு பேருக்கும் உதடு விரிந்தது, கண் விரியவில்லை.

இப்போது பரணில் வெங்காய மூட்டைகள் இல்லை. இரண்டு பாய்கள்தான்.

படம் எடுத்தபோது பீவி பிளாஸ்க்கை இறுக்கி அணைத்துக்கொண்டு துணிக்குப் பின்னால் நின்றார். படத்தில் அவர் விழவில்லை. நெல் வயல் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் நடுங்கியிருக்கிறது, காற்று என்று நினைத்துக்கொள்ளலாம்.