ஜெர்மன் பாட்டிலில் ஊற்றிய அமிலம்

இரண்டாம் உலகப்போரில் சாலை போடவும் அகழி வெட்டவும் போன ஜெர்மன் தொழிற்படையினர் பயன்படுத்திய மண்வெட்டி, பாட்டில் போன்றவற்றைச் சேகரிப்பவன் நான். செல்போன் பரவாத காலம். மாமல்லபுரம் பழம்பொருள் கடையில் வாங்கிய இரும்புத் தண்ணீர் பாட்டிலில், துரு போக அமிலம் ஊற்றிச் சமையலறையில் வைத்துவிட்டு, கல்பாக்கத்தில் உள்ள என் அலுவலகத்துக்குப் போய்விட்டேன்.

பதினொரு மணிக்கு மனைவி போன் செய்தாள். "இன்னாங்க, பாப்பா உங்க பாட்டில எடுத்துகினு திருவிடந்தை கோயிலுக்கு ஸ்கூல் டூர் போயிருக்கா. அதுல தண்ணிதானே?"

போனை அப்படியே போட்டேன். பைக்கில் திருவிடந்தைக்குப் பறந்தேன். வழியெல்லாம் மகள் அதைக் குடிப்பதே கண்ணில் தெரிந்தது.

கோயில் வாசலில் மகள் சிணுங்கிக்கொண்டிருந்தாள். "அப்பா, மூடியே தொறக்கல. டீச்சராலயும் முடியல. தாகமா கீதுப்பா."

கசியாமலிருக்க மூடியைக் குறடால் முறுக்கியிருந்தேன். அதுதான் அவளைக் காப்பாற்றியது.

இப்போது எல்லாம் பூட்டிய அலமாரியில். துருவை வெறும் பிரஷ்ஷால்தான் தேய்க்கிறேன். போகாத துரு இருந்துவிட்டுப் போகட்டும்.