மாமி வரைந்த பச்சை முகம்

முகம் பச்சை. இரண்டு கண்களும் மூக்கின் ஒரே பக்கத்தில். நீலக் கைகள் இடுப்பிலிருந்து முளைத்திருந்தன. பாரிஸுக்கு வெளியே சார்செல் மண்டபத்தில், நான் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டு மேடைக்குப் பின்னால் தொங்கிய அந்தப் பெண் நான்தான். வரைந்தவர் மாமி, அப்பாவின் தங்கை. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மரக்கறிக் கடையில் வேலை. அருங்காட்சியகத்துக்குள் இலவசமாக விடுகிற ஞாயிறுகளில் தனியாகப் போய்ப் படம் பார்த்துவிட்டு வருவார். முறைமாமி சீர் கொண்டுவர வேண்டுமல்லவா? மேடைத் திரைதான் தன் சீர் என்று சொல்லி, எவருக்கும் காட்டாமல் வரைந்து கொண்டுவந்திருந்தார்.

திரையை விரித்ததும் மண்டபம் கொல்லென்று சிரித்தது. வீடியோக்காரரும் சிரித்தார். "ஐயோ மச்சாள், என்ரை பிள்ளையை என்ன கோலத்திலை கீறி வைச்சிருக்கிறாய்! நாளைக்குக் கலியாணம் பேச வாற சனமெல்லாம் இஞ்சைதானே இருக்கு" என்று அம்மா தலையில் கை வைத்தார். என் பள்ளித் தோழிகள் கைபேசியைத் தூக்கினார்கள். எனக்கு அழுகை முட்டியது. "மறைச்சு விடுங்கோ அம்மா" என்றேன், மாமியின் காதில் விழும்படியே. அம்மா ஒரு சரிகைச் சேலையை எடுத்து வந்தார். மறு தலைப்பைப் பிடித்து, கதிரையில் ஏறி நின்று ஊசி குத்தியவர் மாமி. "வீடியோவுக்கு இதுதான் எடுப்பு" என்று சிரிக்கவும் செய்தார்.

இன்று அருங்காட்சியகத்தில் படங்களை விளக்குவது என் தொழில். நூறு வருடங்களுக்கு முன் இதே பாரிஸ், கண்ணும் கையும் இடம் மாறிய இந்த மாதிரிப் படங்களுக்கு முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பத்திரிகைகள் பைத்தியக்காரத்தனம் என்றன. துணிந்த சிலர் வாங்கினார்கள், விலை ஏறியது. சிரித்தவர்களே அப்போதே தெரியும் என்றார்கள். அருங்காட்சியகங்கள் கடைசியாகத்தான் கதவைத் திறந்தன. இந்தக் கதையைச் சொல்ல எனக்கு நல்ல விருப்பம். கேட்கிறவர்களுக்கும் விருப்பம், தாங்கள் அன்று இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டோம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நினைப்பு.

போன மாதம் லா சப்பல் முதியோர் குழுவோடு மாமியும் வந்தார். தமிழில் விளக்கும் உற்சாகத்தில், "அந்தக் காலத்துச் சனத்துக்குக் கண் இருந்தும் குருடுதான்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மாமி படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அவையளை ஏசாதை பிள்ளை. அண்டைக்கு அவையின்ரை வீட்டிலையும் ஏதும் விசேஷம் நடந்திருக்கும்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவர்களுக்காகப் பரிந்து பேசினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மிச்சப் படங்களைப் பற்றி என்ன சொன்னேனோ, தெரியாது.

முடிந்ததும் அவரை வீடு வரை கூட்டிப்போனேன். ரூ பஜோல் தெருவில் சனத்துக்குள் நடக்கும்போது, "இப்பவும் கீறுறீங்களோ மாமி?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஓம், கீறுறனான். அறை நிறையக் கிடக்கு. ஒருத்தருக்கும் காட்டுறேல்லை."

எனக்குக் காட்டுவீர்களா என்று கேட்க வாய் வந்தது, துணிவு வரவில்லை. வாசல் வந்ததும் மாமி என் கன்னத்தைத் தடவி, "கவனமாப் போ" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.