விமானப் பணிக்கு நிலம்

போன வாரம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பதுளைப் பக்கத்தில் ஒரு தமிழாசிரியர். முத்து முத்தான கையெழுத்து. கோபத்தைக்கூட அழகாகத்தான் எழுதியிருந்தார்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் 'ஏரோப்பிளேன்' என்று எழுதிவிட்டேனாம். அதுவும் மூன்று இடத்தில்! 'விமானம் என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கையில் இரவல் சொல் எதற்கு? தாங்களே இப்படி எழுதினால் மாணவர் கதி என்னாவது?' என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம். ஒரு காலத்தில் நானும் இந்த வாத்தியாரைப் போலத்தான் இருந்தேன். இரவல் சொல்லைக் கண்டால் எனக்கு உடம்பு எரியும். விமானம் என்றுதான் எழுதுவேன். அப்படி எழுதி ஒரு கோயிலை இல்லாமல் ஆக்கியவன் நான்.

கேட்கிறீர்களா?

பத்து வருடமிருக்கும். அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில் ஒரு சின்ன டவுன். பெயர் வேண்டாம், ஏன் என்பது போகப் போகத் தெரியும். ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அங்கே நகரசபைக் கந்தோரில் நான் தமிழ் கிளாக்கர். இங்கிலீஷில் வருவதைத் தமிழாக்குவதும், தமிழில் வருவதைச் சபையில் இங்கிலீஷில் வாசிப்பதும் என் உத்தியோகம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, மேசைக்கு வந்து சேர்ந்தவன். மண்டைக்கனம் இல்லாமல் இருக்குமா?

டவுனுக்கு மேலே ஒரு சமதரை இருந்தது. மலைநாட்டில் அவ்வளவு பெரிய சமதரையைக் கடவுள் படைக்கவில்லை, பட்டாளம் படைத்தது. யுத்த காலத்தில் ஏரோப்பிளேன் இறக்குவதற்காக ஒரு தோட்டத்தின் ஓரத்தை வெட்டி நிரப்பினார்கள். வெட்டியதும் நிரப்பியதும் தோட்டத்துச் சனங்கள். பட்டாளம் நின்று பார்த்தது. யுத்தம் முடிந்ததும் நிலம் நகரசபை கைக்கு வந்தது. சில வருடம் அதில் மாடு மேய்ந்தது.

பிறகு ஒரு நாள் சேர்மனுக்கு ஞானம் பிறந்தது. கொழும்பில் புதிது புதிதாக ஏரோப்பிளேன் கம்பெனிகள் கிளம்புகின்றன. நல்ல கம்பெனியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து முப்பது வருடக் குத்தகைக்கு நிலத்தைக் கொடுத்தால் ஊர் எங்கேயோ போய்விடும் என்றார். ஊர் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

நோட்டீஸ் போட முடிவானது. அப்போதெல்லாம் மூன்று பாஷையிலும் ஒட்டுவார்கள். இப்போது ஒரே பாஷை போதும் என்றாகி அந்தச் சிரமம் குறைந்துவிட்டது. தமிழ் நோட்டீஸை நான் இரண்டு நாள் உட்கார்ந்து செதுக்கினேன். எங்கள் கந்தோர் பியோன் சவரிமுத்து, என்னைவிட வயதில் மூத்தவர், தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "பிளேன்னு போட்டுருங்களேன் தம்பி, எல்லாருக்கும் வெளங்கும்" என்றார். அவருக்குத் தமிழின் வளத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பாடம் நடத்தினேன். பாவம், நின்று கேட்டார்.

நான் எழுதியது இது:

'நகரசபைக்குச் சொந்தமான சமதரையில் விமானப் பணி செய்ய விரும்புவோர்க்கு நிலம் நீண்டகாலக் குத்தகைக்கு அளிக்கப்படும். விமானத்தின் அளவு, எண்ணிக்கை, விமானப் பணியில் முன் அனுபவம், தேவைப்படும் இடம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறித்து விண்ணப்பிக்கவும்.'

படித்துப் பாருங்கள். ஒரு பிழை கண்டுபிடிக்க முடியுமா? பதுளை வாத்தியார்கூட நூற்றுக்கு நூறு போடுவார்.

அந்தச் சமதரையின் மேற்கு மூலையில், யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால், ஒரு மாரியம்மன் கோயில் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துச் சனங்கள் கும்பிடும் கோயில். கருவறை மட்டும் கல், மற்றதெல்லாம் தகரம். பட்டாளம் வருவதற்கு எத்தனையோ வருடம் முந்தியே இருந்தது. சர்வேயர் கோடு போட்டபோது அது நகரசபைப் பக்கமாக விழுந்துவிட்டது. சபைக்கு அது தெரியாது. ரோட்டிலிருந்து பார்த்தால் மரம்தான் தெரியும். அம்மன் பாட்டுக்கு அங்கே இருந்தாள்.

ஒரே ஒரு குறை. கருவறைக்கு மேலே விமானம் கிடையாது.

கோயில் கமிட்டித் தலைவர் மாரிமுத்து. தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், நாற்பது நாற்பத்தைந்து வயது. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க டவுனுக்கு வந்தவர், சந்தைச் சுவரில் என் நோட்டீஸைப் படித்திருக்கிறார். தோட்டத்தில் 'பிளேன்' என்றால் ஒன்று ஆகாயத்தில் போவது, மற்றது பால் இல்லாத தேத்தண்ணி. இரண்டையும் யாரும் குழப்பிக்கொண்டதில்லை. விமானம் என்றால் கோயிலின் தலையில் இருப்பது. வேறு விமானம் அவருக்குத் தெரியாது.

நகரசபைக்கு எதற்கு இந்தக் கோயில் வேலை என்று அவர் யோசிக்கவில்லையா? யோசித்திருக்கிறார். முந்தின வருடம்தான் சபை புத்தர் பன்சலைக்கு ஒரு துண்டு, மாதா கோயிலுக்கு ஒரு துண்டு என்று நிலம் கொடுத்திருந்தது. அடுத்தது நம்ம முறை என்று நினைத்ததில் என்ன தப்பு?

சபை கூடிய அன்று மேசையில் நாலு உறைகள். ஒட்டியபடியே சபை முன்னால் கொண்டுவந்து பிரிக்க வேண்டும் என்பது விதி. ஒரு கம்பெனி துரைமாரைக் கொழும்புக்கு ஏற்றி இறக்குவதாகச் சொன்னது. இன்னொன்று தேயிலைக்கு வரும் கொப்புள நோய்க்கு மேலே இருந்து மருந்து தெளிக்குமாம். மூன்றாவது, பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்குமாம். முதல் கம்பெனியின் ஏஜெண்டு நேரிலேயே வந்திருந்தார். முறுக்கு மீசை. வெள்ளி நிறத்தில் ஒரு பொம்மை ஏரோப்பிளேனை மேசைமேல் வைத்தார். மெம்பர்மார் ஒருவர் மாற்றி ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். நிலம் யாருக்கு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நாலாவது உறையில் பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த ஒரு தாள். தமிழ். சேர்மன் அதை என்னிடம் நீட்டினார். எழுந்து நின்று, வரி வரியாக இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தேன்.

கேட்ட கேள்விக்கு வரிசையாகப் பதில் எழுதியிருந்தார்கள். விமானத்தின் அளவு... பதினெட்டு அடி உயரம். எண்ணிக்கை... ஒன்று போதும். முன் அனுபவம்... வட்டவளைப் பக்கம் கோயில் கட்டிய ஸ்தபதி வர ஒப்புக்கொண்டிருக்கிறார்; மண் வேலையும் கல் வேலையும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே செய்துகொள்வோம்.

இரண்டாவது வரியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. என்ன நடந்திருக்கிறது என்று சபைக்கும் விளக்கினேன். சபை குலுங்கிப் போயிற்று. பதினெட்டு அடி உயரத்தில் ஒரே ஒரு ஏரோப்பிளேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை! மீசைக்காரர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நானும் சிரித்தேன். பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே சிரித்தேன். அத்தனை வருடத்தில் அந்தச் சபை என் வாயைப் பார்த்து உட்கார்ந்திருந்தது அன்று ஒரு நாள்தான். விடுவேனா? குரலை ஏற்றி இறக்கி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நாடகக்காரன் மாதிரி வாசித்தேன். அந்த வேகத்தில் கடைசி வரியையும் வாசித்தேன்.

'தேவைப்படும் இடம்: புதிதாக வேண்டாம். மேற்கு மூலையில், மரங்களுக்குப் பின்னால், எங்கள் தாத்தா காலத்திலிருந்து அம்மன் இருக்கும் இடமே போதும்.'

அதை விட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு வரியை விழுங்குவதற்கு எவ்வளவு நேரமாகும்? நான் விழுங்கவில்லை. கைதட்டலை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.

சிரிப்பு நின்றது. மீசைக்காரர் பிளானை விரித்து மேற்கு மூலையில் விரலை வைத்தார். ஏரோப்பிளேன் இறங்கி வருகிற வழியே அதுதானாம். அங்கே கட்டிடம் இருப்பதாகச் சபை தன்னிடம் சொல்லவில்லையே என்றார். சேர்மன் முகம் சிவந்து என் பக்கம் திரும்பினார். கோயில் எவ்வளவு பெரியது, எத்தனை பேர் கும்பிடுகிறார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஆட்கள் பிரஜைகளா என்று மட்டும் கேட்டார்.

"அதற்கும் மனுப் போட்டிருக்கிறார்கள் சார்" என்றேன்.

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அந்தக் கொப்பித் தாளை இப்போது நினைத்தால் அதன் ஒழுங்குதான் என் நெஞ்சை அறுக்கிறது. பறிபோன பிரஜாவுரிமைக்கு மனு எழுதி எழுதிப் பழகிய கை அது. கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். ஒரு கட்டத்தைச் சும்மா விட்டால் தள்ளிவிடுவார்கள். எதையாவது மறைத்தால் தள்ளிவிடுவார்கள். (எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினாலும் தள்ளுகிறார்கள், அது வேறு கதை.) அந்தப் பயத்தில், மரத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்த அம்மனைக் கையெழுத்துப் போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

பத்து நிமிஷத்தில் தீர்மானம் ஆயிற்று. நிலம் மீசைக்காரர் கம்பெனிக்கு. அனுமதியில்லாத கட்டிடத்தை முப்பது நாளில் அகற்ற வேண்டும். இரண்டு நாள் கழித்து எனக்குப் புத்தி வந்து, சேர்மனைத் தனியாகப் பார்த்துக் கெஞ்சினேன். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் அல்ல. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். 'பேசாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும், சொல்லுங்கள்?' என்று வருத்தத்தோடு கேட்டார்.

அகற்றச் சொல்லும் நோட்டீஸையும் நான்தான் தமிழில் எழுதினேன். அதில் ஏரோப்பிளேன் என்று போட்டேன்.

தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. பாதித் தூரம் பஸ், மீதி நடை என்று நானே எடுத்துப் போனேன். மாரிமுத்து அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். என்னைக் கண்டதும் கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைக்கக்கூட மறந்து ஓடி வந்தார். நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

லயத்து வாசலில் உட்கார வைத்தார். நோட்டீஸை இரண்டு தடவை படித்தார்.

"ஏரோப்பிளேனத்தானுங்களா ஐயா விமானம்னு எழுதியிருந்துச்சு?"

ஆமாம் என்றேன். எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். சபையில் சிரித்ததைச் சொல்லவில்லை.

"அப்ப, அம்மா அங்க இருக்காங்கன்னு அவங்களுக்கு மொதல்ல தெரியாது?"

தெரியாது என்றேன்.

அவர் பீலியடியைப் பார்த்தார். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மனு போட்ட நாளிலிருந்து லயத்தில் விமானத்தைப் பற்றித்தான் பேச்சாம். பதினெட்டு அடி போதுமா, கூட இரண்டடி கேட்டிருக்கலாமா என்று தகராறுகூட நடந்திருக்கிறது. மாரிமுத்து என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"வார்த்த மாறிப்போச்சுன்னு இங்க யாருகிட்டயும் சொல்லிராதீங்க ஐயா. தொரமாரு புடுங்கிட்டாங்கன்னே இருக்கட்டும். அது எங்களுக்குப் பழக்கந்தான். நாங்களே எழுதிக் குடுத்து அம்மாவ எறக்கிப்புட்டோம்னு தெரிஞ்சா இந்தச் சனம் தாங்காதுங்க."

சரி என்று தலையாட்டினேன். வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்த மனிதர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

கெடு முடிவதற்கு முந்தியே சனங்கள் அம்மனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நகரசபை ஆட்கள் கடப்பாரையோடு போனபோது வெறும் கல்தான் இருந்தது. லயத்துக் கோடியில் காலியாகக் கிடந்த ஓர் ஒற்றையறைக் காம்பராவில் அம்மனை வைத்தார்கள். இன்றைக்கும் அங்கேதான். லயத்துக் கூரைமேல் விமானம் கட்ட எந்தத் தோட்டத்துரை விடுவார்?

ஏரோப்பிளேன் வந்ததா என்று கேட்கிறீர்களா? வந்தது. மாலை போட்டு வரவேற்றோம். மூன்று பாஷையிலும் சேர்மன் இரண்டிரண்டு வார்த்தை பேசினார். தமிழ் வார்த்தை இரண்டும் நான் எழுதிக் கொடுத்தது. பிறகு பனிக் காலம் வந்தது. எங்கள் மூடுபனியை மீசைக்காரரின் பிளானில் யாரும் வரைந்திருக்கவில்லை. வந்த ஏரோப்பிளேன் மேலேயே இரைந்து இரைந்து வட்டமடித்துவிட்டு, இறங்காமல் திரும்பிப் போகும். கொஞ்ச நாளில் வருவதையும் நிறுத்திக்கொண்டது. ஆனால் குத்தகை குத்தகைதானே? முப்பது வருடம் முடியும் வரைக்கும் அந்த நிலத்தில் வேறு யாரும் ஒரு கல் வைக்க முடியாது. மாடு மேயலாம். மேய்கிறது.

நான் அப்புறம் அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு எழுத வந்தேன். கொடுத்த வாக்கை இத்தனை வருடம் காப்பாற்றினேன். அந்த லயத்தில் பத்திரிகை வாங்குகிறவர்கள் இல்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மாரிமுத்துவும் காப்பாற்றினார். என்னைவிட நன்றாகவே காப்பாற்றினார். வெறுமனே மறைத்தால் யாராவது தோண்டிக் கேட்பார்கள் என்று, கூட ஒரு கதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். 'அத்தன பேரு இருந்த சபையில நமக்காக எந்திரிச்சு நின்னு பேசினது ஒரே ஒரு ஆளு. கிளாக்கர் ஐயா.'

எழுந்து நின்றது உண்மைதான்.

அதனால் வருடா வருடம் திருவிழாவுக்கு எனக்கு அழைப்பு வருகிறது. போகாமல் இருந்தால் ஆள் அனுப்பிக் கூட்டிப்போகிறார்கள். காம்பரா வாசலில், லயத்துச் சனம் அத்தனையும் பார்த்திருக்க, முதல் மரியாதை எனக்குத்தான். இந்த வருடமும் பரிவட்டம் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகும் நான் தலையை நிமிர்த்தவில்லை.

பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.