இருளம்மாள் மகளை ஒண்ணாப்பில் சேர்த்த வருசம்

சாத்தூருக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டு ஊரில் இருளம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் வருகிற வழியில் சிரிப்புச் சத்தம்தான் முதலில் வரும், ஆள் பிறகுதான் வருவாள். அப்படிப்பட்டவள் ஒரு வருசம் முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அவள் மகள் முத்துப்பேச்சி ஒண்ணாப்பில் சேர்ந்த வருசம் அது. ஐம்பத்தொன்பது என்று நினைவு.

சேர்க்கப் போன அன்றே சிக்கல். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுக் காட்டினால்தான் பிள்ளைக்கு ஐந்து வயது என்று ஒத்துக்கொள்வார்கள். முத்துப்பேச்சிக்கு வயது சரிதான், கைதான் குட்டை. வீட்டில் பழக்கிய பழக்கத்தில் அவள் தலையையே கைப்பக்கம் சாய்த்து, காதைக் கொண்டுபோய் விரலில் முட்டவைத்தாள். பொன்னுத்தங்கம் டீச்சர் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு பெயரை எழுதிக்கொண்டார்.

இருளம்மாளின் புருசன் ராக்கப்பன் மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி. நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். அவருடைய அக்காள் மூக்கம்மாள் சாத்தூரில் கம்பெனி வேலையாக வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுகிறவள். சின்ன விரல்கள்தான் அந்த வேலைக்குத் தோது என்று பிள்ளையைத் தன்னிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒரு வருசம் பாப்போம்க்கா. புள்ள வாசிச்சா பள்ளிக்கூடம். வாசிக்கலைன்னா ஒங்கூட அனுப்பிருதேன்" என்று ராக்கப்பன் வாக்குக் கொடுத்துவிட்டார். புருசன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே எழுத்து வாசனை கிடையாது. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்தான்.

அன்றிலிருந்து சாயங்காலம் பிள்ளை வாசலில் கால் வைத்ததும் இருளம்மாளின் விசாரணை தொடங்கிவிடும்.

"இன்னைக்கு என்ன படிச்ச?"

"பாட்டு பாடுனோம். பெறகு வெளையாண்டோம்."

"எழுதலையா?"

"மணல்ல எழுதுனோம். பெறகு அழிச்சுட்டோம்."

எழுதியதை அழிக்கச் சொல்கிற பள்ளிக்கூடத்தை இருளம்மாளால் பொறுக்க முடியவில்லை. நெய்த துணியைப் பிரித்துப்போடுகிற மாதிரி அல்லவா இது? மறுநாளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிப் போனாள்.

"டீச்சரம்மா, நீங்க பாட்டு சொல்லிக் கொடுக்கீக, சந்தோசம். எம்மக எப்பத்தான் வாசிப்பா?"

"மொத வருசம் எல்லாப் புள்ளைகளும் இப்படித்தாம்மா. மொதல்ல அழாம வரணும், ஒரு எடத்துல உக்காரணும். தீவாளி வரைக்கும் காதால படிக்கும். பொங்கலுக்கு மேலதான் கண்ணால படிக்கும். அதுவரைக்கும் வையாதீங்க" என்றார் டீச்சர்.

காதால் படிப்பதாவது, கண்ணால் படிப்பதாவது. இருளம்மாள் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு, ஒன்றும் விளங்காமல் வீட்டுக்கு வந்தாள்.

ஐப்பசி பிறந்ததும் அதிசயம் நடந்தது. முத்துப்பேச்சி புத்தகத்தை விரித்து அணில், ஆடு, இலை என்று தொடங்கிக் கடைசிப் பக்கம் வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். இருளம்மாளுக்குத் தரையில் கால் பாவவில்லை. கிணற்றடி, ஆட்டுரல், களத்துமேடு என்று போகிற இடமெல்லாம் பிள்ளையையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போனாள். தெருவில் அவளைப் பார்த்ததும் ஆட்கள் ஒளிய ஆரம்பித்தார்கள். ராக்கப்பன் வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்றாலும், மீசையைத் தடவுகிற தடவலிலேயே பெருமை தெரிந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒருநாள், பிள்ளை வழக்கம்போல ஒப்பித்துக்கொண்டிருந்தாள். இருளம்மாள் எட்டிப் பார்த்தாள். ஆட்டின் நான்கு கால்களும் ஆகாயத்தைப் பார்த்தபடி இருந்தன. புத்தகம் தலைகீழ். முத்துப்பேச்சியோ குரல் பிசகாமல் போய்க்கொண்டிருந்தாள்.

பிள்ளை வாசிக்கவில்லை, மனப்பாடமாகச் சொல்கிறாள் என்று இருளம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. வாசலில் ராக்கப்பனின் செருப்புச் சத்தம் கேட்டதும், சட்டென்று புத்தகத்தைப் பிடுங்கி நேராக்கிப் பிள்ளையின் கையில் திணித்தாள். அதற்குப் பிறகு தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு திரியவில்லை. 'பொங்கலுக்கு மேல' என்று டீச்சர் சொன்ன ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பொங்கல் போய், மிளகாய்ப் பழம் பறித்துக் காயப்போட்டு, விருதுநகருக்கு வண்டி ஏற்றி அனுப்பி முடிய மாசி ஆகிவிட்டது. அப்போதுதான் ராக்கப்பனுக்கு ஓய்ந்து உட்கார நேரம் கிடைத்தது. மகளை வாசிக்கச் சொன்னார். முத்துப்பேச்சி எழுத்துக்கு எழுத்து விரலை வைத்து, முக்கி, முனகி, திரும்ப வந்து, ஒரு வரியை முடிப்பதற்குள் அவருக்கே வேர்த்துவிட்டது.

"என்னளா இது? தீவாளிக்கு மளை மாதிரி கொட்டுச்சு, இப்பத் திக்குது. படிக்கப் படிக்கப் படிப்பு தேயுதா? வெள்ளிக்கெளம அக்கா வாரா, கூட்டிட்டுப் போகட்டும்" என்றார்.

இருளம்மாளுக்கு வேறு வழியில்லை. உண்மையைப் போட்டு உடைத்தாள். "அப்ப மனப்பாடமா ஒப்பிச்சா. இப்பத்தான் நெசமாவே வாசிக்கா."

"அப்ப ஊரெல்லாம் தூக்கிட்டுத் திரிஞ்சது பொய்யி. இது மட்டும் நெசமின்னு நான் எப்படி நம்ப?"

சொன்னவர் மகளின் கையைப் பிடித்துத் தொழுவத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே அவருடைய மாட்டுவண்டி நின்றது. பின்பலகையில் உடையவர் பெயர் மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தது. "இது எம்பேரு. வாசி" என்றார்.

இருளம்மாளுக்கு உயிர் வந்தது. இதற்கு வாசிக்கவே வேண்டாமே, ராக்கப்பன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அந்தக் கிறுக்குப் பிள்ளை பலகையில் விரலை வைத்துவிட்டாள்.

"மொ..."

"ஏட்டி, ஐயா பேரச் சொல்லுடி" என்று இருளம்மாள் பல்லைக் கடித்தாள்.

"ஐயா பேரு இங்கன இல்லம்மா. மொ... க்கை... ச்சா... மி. மொக்கைச்சாமி."

இருளம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் போயிற்று, தீப்பெட்டிதான் என்று முடிவு கட்டிவிட்டாள். பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். ராக்கப்பன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அந்த வண்டியை அவர் கல்யாணத்துக்கு முன்னால் கோவில்பட்டிப் பக்கம் ஒருத்தரிடம் வாங்கியிருந்தார். அந்த ஆளின் பெயர் மொக்கைச்சாமி. அது இருளம்மாளுக்கே தெரியாது. தன் பெயரை எழுதச் சொல்லி ஒரு பெயிண்டரிடம் வண்டியை விட்டிருந்தார். அந்தப் புண்ணியவான் பழைய எழுத்தின் மேலேயே புது மஞ்சளை இழுத்துவிட்டுப் போய்விட்டான். இத்தனை வருசமாக ராக்கப்பன் சந்தைக்குச் சந்தை, மொக்கைச்சாமியின் வண்டியை மீசையை முறுக்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

"இந்தப் பேர ஒனக்கு யாரு தாயீ சொன்னது?"

"யாரும் சொல்லலைய்யா. இங்கன எளுதிருக்கே."

அவர் மகளைத் தூக்கி வண்டிமேல் நிறுத்தினார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. இருளம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டீச்சர் வீடு இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

வெள்ளிக்கிழமை மூக்கம்மாள் வந்து இறங்கியதும் ராக்கப்பன் முதல் வேலையாக அவளை வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போய், நடந்ததையெல்லாம் தானே சொல்லித் தானே சிரித்தார். "கோவிச்சுக்கிடாதக்கா. இவளுக்கு இனிமே நேரமில்ல. ரெண்டாப்பு இருக்கு."

மூக்கம்மாள் பலகையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலைக்கு நடுவிலிருந்து ஒரு தீப்பெட்டி லேபிளை எடுத்து நீட்டினாள்.

"நானும் கலியாணமாகி வந்த நாள்லேருந்து இதத்தான் ஒட்டுதேன். என்ன எளுதிருக்குன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லுத்தா."

முத்துப்பேச்சி அத்தையின் மடியில் ஏறி உட்கார்ந்து, முதல் எழுத்தில் விரலை வைத்தாள்.