மாக்ஸினுக்கு எத்தனை குடல்?

தேநீர் இடைவேளையில் பிஸ்கட் டின்னைத் திறந்ததும் மாக்ஸின் கத்துவாள். "போச்சு! கடைசி கிரீம் பிஸ்கட்டையும் எவளோ முழுங்கிட்டா. என் குடலையே உருவிட்டீங்களேடி!"

பெரிய ஏமாற்றம் என்றால் குடலை உருவிவிட்டார்கள் என்பது இங்கிலாந்து முழுக்கப் புழங்கும் பேச்சு. ஆங்கிலத்தில் 'கட்டட்' (gutted) என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். மீன் அறுக்கும் எங்கள் கிரிம்ஸ்பியில் அதற்கு வாடை கொஞ்சம் கூட. மாக்ஸினோ காசுக்குப் பெறாததற்கெல்லாம் அதைச் சொல்வாள். விடுமுறையில் மழை பெய்தாலும் குடல், உள்ளூர் அணி கோல் வாங்கினாலும் குடல். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுடையது என் பக்கத்து இஸ்திரி இயந்திரம்; நாள் முழுக்கக் கேட்கிறேன்.

"உனக்கு எத்தனை குடல்டி இருக்கு?" என்பாள் எங்களோடு வேலை செய்யும் ஷெரில்.

"ஒண்ணுதான். கழுவிக் கழுவித் திரும்ப வெச்சுக்கறேன்."

ஐம்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அக்கா கெயில் கடலோரக் கிராமத்து முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். அந்த வழிப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை ஓட்டுநர் தேர்வு. திரும்பி வந்தவள் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் தலையணை உறைகளை மடிக்கத் தொடங்கினாள். தேறவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

ஷெரில் அவள் தோளைத் தொட்டாள். "உனக்காக என் குடலையே உருவுனாப்ல இருக்குடி."

அடுத்தவருக்காகச் சொல்லும்போது அந்தச் சொல்லில் விளையாட்டு இருக்காது. மாக்ஸின் உறையில் முகம் புதைத்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்தினாள்.

"ரவுண்டானால தயங்கி நின்னுட்டேன். கெயில் ஜன்னல்கிட்டயே உக்காந்திருப்பாடி."

"அதுக்கு ஏன் அடுத்த தேர்வு வரைக்கும் காத்திருக்கணும்? எங்கிட்டதான் காரும் லைசென்ஸும் இருக்கே. ஞாயித்துக்கிழமை நான் பக்கத்துல உக்காந்துக்கறேன், நீ ஓட்டு. சட்டத்துல இடமிருக்கு" என்றாள் ஷெரில்.

"நிசமாவா?"

"என் உசுருக்குத்தான் உத்தரவாதமில்ல."

ஞாயிறன்று நானும் பின்னிருக்கையில் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் ஷெரில் கதவுப்பிடியை விடவில்லை. இல்லத்து வாசலில் கெயில் தொப்பியும் கையுறையுமாகத் தயாராக நின்றாள். கைத்தாங்கலாக என் பக்கத்தில் உட்கார வைத்தோம்.

"கடற்கரைக்குப் போலாமா?" என்றாள் கெயில்.

மாக்ஸின் இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டாள். பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கும் கண்ணாடியை மெல்லத் திருப்பி, அக்காவின் முகம் தெரியும்படி வைத்தாள்.