தூக்கிப் பார்க்கக் கூடாத குழாய்

என் மேசையில் பேனாக்கள் நிற்கும் டப்பாவில் ஒரு சோதனைக் குழாயும் நிற்கிறது. கண்ணாடி, விளிம்பில் சின்ன உடைசல். இன்று காலையிலிருந்து அதை எத்தனை முறை எடுத்தேன், எத்தனை முறை வைத்தேன் என்று தெரியவில்லை. எடுத்து, எதிர்ச்சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டருக்கு முன்னால் பிடித்துப் பார்க்கிறேன். வெறும் குழாய்தான், தேதியும் ராகுகாலமும் அதன் வழியே பளிச்சென்று தெரிகின்றன. செம்பாக்கத்தில் இருக்கும் அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட் இன்று வர வேண்டும். மார்பில் இருந்த கட்டியை எடுத்து, மருந்தும் ஏற்றி முடித்த பிறகு எடுத்த முதல் ஸ்கேன். எப்படி இருந்தாலும் அவளே கூப்பிட்டுச் சொல்வாள். நான் கூப்பிடக் கூடாது என்பது அவள் போட்ட உத்தரவு.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் எனக்கு முன்னால் சேர்ந்தவள், அதனால் அக்கா. இருவருக்கும் முதலில் ஒத்துப்போகவில்லை. அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. காரிடாரில் நடந்துகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே யோசிப்பாள், என் மேசையைக் கடக்கும்போதெல்லாம் எதையாவது நகர்த்திவிட்டுப் போவாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் கடல் தண்ணீர் எடுத்துவர இருவரும் சேர்ந்துதான் போக வேண்டும். கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய், கேன்களில் நிரப்பிக்கொண்டு பஸ்ஸில் திரும்புவோம். ஒருமுறை கண்டக்டர், "இன்னாம்மா கீது கேன்ல?" என்றார். கடல் தண்ணி என்றாள் அக்கா. "அத்த எட்த்துகினு எங்க போறீங்க? வூட்ல உப்பு இல்லியா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அக்கா அவரை விடவில்லை. அந்தக் கேனுக்குள் இருக்கும் உயிர்களின் கணக்கைக் கேளம்பாக்கம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவள் சொன்னது உண்மைதான். ஒரு சொட்டுக் கடல் நீரில் பாக்டீரியாக்கள் அவ்வளவு. அவற்றைத் தாக்கும் வைரஸ்கள் அதைவிடப் பல மடங்கு. அவை நம்மை ஒன்றும் செய்யாது. அவற்றுக்கு வேண்டியது பாக்டீரியா மட்டுமே. வைரஸ் அதன் மேலுறையில் ஒட்டிக்கொண்டு தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தும். சில வைரஸ்கள் உடனே உள்ளே பெருகி, பாக்டீரியாவை உடைத்துக்கொண்டு கூட்டமாக வெளியே வரும். சில அப்படிச் செய்யாது. குடியிருக்க வந்தவன் வீட்டுக்காரரின் ரேஷன் கார்டில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்ட மாதிரி, பாக்டீரியாவின் மரபணுக்களுக்கு நடுவே போய்ப் படுத்துவிடும். பாக்டீரியா இரண்டாகப் பிரிந்தால் இதுவும் கூடவே இரண்டாகும். வெளியே ஒன்றும் தெரியாது. சூடோ வேறு தொல்லையோ வந்தால் விழித்துக்கொள்ளும். அப்போது பாக்டீரியா உடையும்.

அக்கா கோவளத்துத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்த பாக்டீரியா, காரணமில்லாமல் செத்துக்கொண்டிருந்தது. பாக்டீரியா வளர்ந்தால் குழாயில் உள்ள திரவம் மோர் போலக் கலங்கும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம்: குழாயைக் காலண்டருக்கு முன்னால் பிடிப்போம். எழுத்துத் தெரியாவிட்டால் நன்றாக வளர்ந்திருக்கிறது. தெரிந்தால் எல்லாம் போயிற்று. அக்காவின் குழாய்களில் அடிக்கடி எழுத்துத் தெரிந்தது. "உன் கை சுத்தமில்லைம்மா, வேற ஏதோ உள்ள போயிடுது" என்பார் எங்கள் சார். நல்ல மனிதர்தான், ஆனால் அதை எல்லோர் முன்னாலும் சொல்வார். அவர் சொன்ன நாளெல்லாம் அக்கா கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அவள்மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது.

கோடையில்தான் அவளுக்குப் பிடி கிடைத்தது. கரண்ட் போய், ஏசி நின்று, அறை வெந்த நாட்களில்தான் குழாய்கள் தெளிகின்றன. அப்படியானால் தப்பு கையில் இல்லை. வைரஸ் முன்பே பாக்டீரியாவுக்குள் படுத்திருக்கிறது; சூடு அதை எழுப்புகிறது. சார் நம்பவில்லை. ஆய்வுக் குழு கூடும்போது எல்லோர் கண்ணெதிரிலும் செய்து காட்டு, இல்லாவிட்டால் ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொள் என்றார். மூன்று வருட உழைப்பு அந்த ஒரு பகலில் வந்து நின்றது.

அன்று குழாயைச் சூடாக்கிவிட்டு, வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் வைத்தாள். நான்கு மணிக்குள் தெளியும் என்றாள். சாரும் வெளியிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்களும் சுற்றி நின்றார்கள். சும்மா நிற்க யாரால் முடிகிறது. ஒருவர் குழாயை எடுத்துக் காலண்டருக்கு நேராகப் பிடிப்பார், வைப்பார். உடனே அடுத்தவர் எடுப்பார். அக்காவும் எடுத்தாள், நானும் எடுத்தேன். வெளியே எடுக்கும்போதெல்லாம் அது ஏசிக் காற்றில் ஆறிக்கொண்டிருந்தது; ஆறினால் உள்ளே நடப்பதும் மெதுவாகும். பாக்டீரியாவை வளர்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நான்கு மணிக்கும் குழாய் கலங்கலாகவே இருந்தது. தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டு அவர்கள் காபி குடிக்கப் போனார்கள். அக்கா பையை எடுத்துக்கொண்டாள். "நான் இனிமே வரல. எல்லாத்தையும் கொட்டிடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கொட்ட எனக்கு மனம் வரவில்லை. குழாயைத் தொட்டியிலேயே விட்டுவைத்தேன். பாக்டீரியா வளர்க்கும் என் கண்ணாடித் தட்டுகளைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்து, கடைசியாக ஒருமுறை குழாயை எடுத்தேன். காலண்டர் எழுத்துத் தெரிந்தது. மூடியை அழுத்திக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஆய்வகத்தில் இருப்பது வெளியே போகக் கூடாது என்ற விதியெல்லாம் படியிறங்கும்போதே மறந்துவிட்டது. தாம்பரத்தில் கிளம்பக் காத்திருந்த செம்பாக்கம் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக நீட்டினேன். வாங்கி, முன்சீட்டுக்கு மேலே ‘மகளிர்’ என்று எழுதியிருந்த இடத்துக்கு நேராகப் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்போ தப்பு என் கைல இல்ல" என்றாள். அவ்வளவுதான். பஸ் கிளம்பிவிட்டது. குழாய் அவளோடு போயிற்று.

மறுநாள் சார் வரும் முன்பே வந்துவிட்டாள். "சார், நேத்து எல்லாரும் தூக்கித் தூக்கிப் பாத்து அதை ஆற வெச்சுட்டோம். இன்னைக்கு யாரும் தொடக் கூடாது. நானும் தொட மாட்டேன்" என்றாள். சார் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓயாமல் நடக்கும் அக்கா அன்று ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தாள். கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் குழாய் தெளிந்தது. அந்தத் திரவத்தை வடிகட்டி, நான் தட்டில் வளர்த்த பாக்டீரியாமேல் சொட்டு சொட்டாக வைத்தோம். அடுத்த நாள், சொட்டு விழுந்த இடமெல்லாம் பாக்டீரியா செத்து வட்டமாக வெறிச்சோடியிருந்தது. திரவத்தில் வைரஸ் இருப்பது உறுதியாயிற்று. சார் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கை சுத்தத்தைப் பற்றி அப்புறம் பேசவும் இல்லை. பஸ்ஸில் போன அந்த முதல் குழாயை அக்கா கொதிக்கவைத்துக் கழுவி எனக்குக் கொடுத்தாள்.

நேற்று நான் அக்காவுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் கேட்டாயா, மெயில் வந்ததா என்று. கடைசியில் பயத்தை உளறிவிட்டேன். உள்ளே ஏதாவது படுத்துக்கொண்டிருந்து, பிறகு எழுந்தால் என்ன செய்வது என்று. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

"நம்ம குழாய் தெளிஞ்சா என்னா அர்த்தம்? உள்ள இருந்தது செத்துப்போச்சுன்னுதானே? அப்போ அதுக்கு அழுதோம். இப்போ ஸ்கேன்ல எனக்கு அதேதான் வேணும்" என்றாள். "நீ சும்மா சும்மா தூக்கிப் பாக்காம இரு."

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. போனைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தேன். குழாயையும் டப்பாவில் வைத்துவிட்டேன். இந்தக் கைகளை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.