கேமராவுக்கு நெற்றி எது?

அம்மா கேமரா கேட்டது ஒரு சாவு வீட்டிலிருந்து திரும்பி வரும் வழியில். மலாக்கா பக்கம் சுங்கை ரம்பாயில் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா தவறிப்போயிருந்தார். மாலை போட்டு வைத்திருந்த படம், ஏதோ கல்யாணத்தில் கூட்டமாக எடுத்ததை வெட்டிப் பெரிதாக்கியது. பெரியம்மாவின் முகம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தோளின் மேல் யாருடையதோ ஒரு கை. ஆள் இல்லை, கை மட்டும். விரலில் பச்சைக்கல் மோதிரம். வந்தவர்கள் அழுதார்கள், மூக்கைச் சிந்தினார்கள், பிறகு அந்தக் கை யாருடையது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். மூத்த மருமகளுடையது என்றார் ஒருவர். அவள் விரல் அவ்வளவு தடி கிடையாது என்றார் இன்னொருவர். பெரியம்மாவைப் பற்றிப் பேச ஆளே இல்லை.

கார் ஜாசின் டவுனைத் தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அந்த மாதிரி கையெல்லாம் வேணாம்லா," என்றார் திடீரென்று. "முழுசா எனக்குன்னு ஒரு படம் வேணும். நானே எடுத்து வச்சிக்கிறேன். ஒரு கேமரா வாங்கிக் குடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காலையில் ரெண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, பாசாரில் மீன்காரரோடு சண்டை போட்டுவிட்டு வரும் மனுஷிக்கு மாலை போடுகிற படம் எதற்கு என்று கத்தினேன். பின்சீட்டில் அப்பா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். ஆபத்து எங்கிருந்து வரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் குடும்ப ஆல்பம் எதைத் திறந்தாலும் அம்மா கண்ணை மூடியிருப்பார், இல்லையென்றால் வாயில் எதையாவது வைத்திருப்பார். என் கல்யாணப் படத்தில் நான் தாலியோடு நிற்கிறேன், பக்கத்தில் அம்மா லட்டோடு நிற்கிறார். கைத்தொலைபேசியில் எடுத்துக்கொள்ளலாமே என்றால் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய கைத்தொலைபேசியில் இருப்பதெல்லாம் கூரையில் சுற்றும் காற்றாடியும் அவருடைய கட்டைவிரலும்தான். ஒருமுறை என் அண்ணன் மகள் அவளுடையதில் எடுத்துக் காட்டினாள். படத்தில் அம்மாவுக்கு முயல் காது முளைத்திருந்தது.

"முயல் காதுக்கு மேல மாலை போடுவாங்களா?" என்று கேட்டார்.

கடைக்குப் போவதற்கு முன் நான் இணையத்தில் விழுந்து விழுந்து படித்தேன். மெகாபிக்சல், ஜூம், சென்சார் என்று மண்டை நிறைய ஏற்றிக்கொண்டுதான் மலாக்கா டவுனில் இருக்கும் ஒரு பழைய படக்கடைக்கு அம்மாவை அழைத்துப்போனேன். கடைக்காரர் வயதான சீனர். அங்கே இன்னொரு கூத்து. நான் எந்தக் கேமராவைக் கிழவிகள் சாமான் என்று நினைத்திருந்தேனோ, அதையே வாங்கப் பள்ளிச் சீருடையில் ஐந்தாறு பெண்கள் முண்டிக்கொண்டிருந்தார்கள். பழைய டிஜிட்டல் கேமராதான் இப்போது ஃபேஷனாம்.

என் மெகாபிக்சலை அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கேமராவையும் கத்தரிக்காய் வாங்குவதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார். லேசாக இருந்தால் வேண்டாம், பொம்மையாம். சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் பேட்டரியே இதற்கும் ஆகவேண்டும். அம்மா வீடு இருக்கும் ரெம்பியாவின் மளிகைக்கடையில் அதுதான் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, படம் எடுத்தால் சத்தம் வரவேண்டும். எடுத்தேன் என்று அது சொல்ல வேண்டாமா என்று கடைக்காரரைப் பாசாரில் பேசும் கொச்சை மலாயில் மடக்கினார். அவர் சிரித்துக்கொண்டே ஒரு சிவப்புக் கேமராவை எடுத்து அமுக்கினார். டக் என்றது. அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பொத்தானை அமுக்கிவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தால் தானாகவே எடுக்கும் என்றதும் பேரம் முடிந்தது. பள்ளிப் பெண் ஒருத்தியும் அதையே வாங்கினாள், அதே சிவப்பு. அவர்கள் அம்மாவைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதிலும் அம்மா கண்ணை மூடிவிட்டார்.

கேமராவின் மேலே இருந்த திருகு பொத்தானை ‘ஆட்டோ’வில் வைத்து, அது நகராதபடி கறுப்பு டேப் ஒட்டிக் கொடுத்தேன். இனி எந்தத் தப்பும் நடக்காது என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் இருக்கும்போது அம்மா கூப்பிட்டார். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது.

"படத்துல உங்கப்பா இருக்காரு. நாற்காலி இருக்கு. நான் மட்டும் இல்ல."

சரியாக அமுக்கியிருக்க மாட்டீர்கள் என்றேன். பலமுறை எடுத்துப் பார்த்தாராம், புடவையைக்கூட மாற்றினாராம். எல்லாவற்றிலும் அவர் முகம் இருக்கும் இடத்தில் வெறும் மஞ்சள் புகையாம்.

"நான் போகப்போறது அதுக்குத் தெரிஞ்சிருச்சு போலலா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரெம்பியாவுக்குக் காரை விரட்டினேன்.

வீட்டில் அம்மா நைட்டியோடு சுருண்டு உட்கார்ந்திருந்தார். சாயந்திரமாகியும் தலை வாரவில்லை. கேமராவை வாங்கிப் படங்களைப் பார்த்தேன். உண்மைதான். ஓரத்தில் அப்பா விறைப்பாக நிற்கிறார். நடுவில் நாற்காலி, புடவை, கை, கால் எல்லாம் இருக்கின்றன. முகத்தில் மட்டும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு மூட்டம். பிறகு கேமராவைத் திருப்பிப் பார்த்தேன்.

லென்ஸின் நட்ட நடுவில் காய்ந்துபோன சந்தனம். அதன் மேல் அழகாக ஒரு குங்குமம்.

"யாரு இங்க பொட்டு வச்சது?"

புதுச் சாமான் வாங்கினால் பூசை போடாமல் யாராவது தொடுவார்களா என்று அம்மா என்னையே திருப்பிக் கேட்டார். வெள்ளிக்கிழமை சாமி மேடையில் வைத்துச் சூடம் காட்டியிருக்கிறார்கள். லாரிக்குச் செய்ததுபோல் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கச் சக்கரம் இல்லாததால், அப்பா பழத்தைத் தன் கையாலேயே நசுக்கிவிட்டார். தூங்குகிற சாமானுக்குப் பொட்டு வைக்கக்கூடாது என்று அம்மா பொத்தானை அமுக்கி அதை எழுப்பியிருக்கிறார். அது மூக்குபோல் லென்ஸை நீட்டிக்கொண்டு வந்ததும் வைத்துவிட்டார்.

"அது கண்ணும்மா! கண்ணுலயா பொட்டு வைப்பீங்க?"

அம்மா எட்டிப் பார்த்தார். "கண்ணா அது? நெத்தின்னுல்ல நெனச்சேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அம்மா முதலில் முறைத்தார், பிறகு அவருக்கும் வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல்செட் ஆட, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என் மூக்குக்கண்ணாடித் துணியால் நான் லென்ஸைத் துடைத்துக் கொடுத்ததும், சரியாகிவிட்டதா என்று பார்க்க அப்பா அதைத் தூக்கி அமுக்கினார். டக் என்றது.

அம்மாவின் வாழ்க்கையிலேயே நல்ல படம் அதுதான். தலை கலைந்து கிடக்கிறது, நைட்டியின் பூ தெரிகிறது. ஆனால் கண் திறந்திருக்கிறது, வாயில் ஒன்றும் இல்லை, முகம் முழுக்கச் சிரிப்பு. அப்பா பார்த்துவிட்டு, "இதான்," என்று மட்டும் சொன்னார்.

அதைப் பெரிதாக்க மறுபடியும் அதே கடைக்குப் போனோம். கடைக்காரர் கணினியில் நைட்டியை முடிந்தவரை வெட்டினார். படத்தின் ஓரத்தில் அம்மாமேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்த நான், அந்த வெட்டில் தானாகவே வெளியே போய்விட்டேன். மிச்சம் இருந்தது அம்மாவின் தோளைப் பிடித்திருந்த என் கை. இதையும் அழித்துவிடவா என்று அவர் கேட்டார். அழிக்கச் சொன்னேன். இந்தக் கூத்தெல்லாம் ஆரம்பித்ததே ஒரு கையால்தானே.

அம்மா கடைக்காரர் கையைத் தடுத்தார்.

"இருக்கட்டும்லா," என்றார் என்னிடம். "யாரு கைன்னு கேட்டா சொல்றதுக்கு நீ அங்க இருப்பல்ல."

கார் நிறுத்தியிருந்த இடம்வரை அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். எதற்குத் திட்டுகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.